வீரம்மாவை யாரும் கேட்கவில்லை

பிலிமத்தலாவை
16.2.1969

அன்பான தம்பி சீலனுக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை நீ எப்படி வாசிப்பாய் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

போன ஞாயிறும் இன்றைக்கும் சிறைச்சாலை வாசலில் நின்றேன். இரண்டு தரமும் உள்ளே போன காவலர் தனியாகத்தான் திரும்பி வந்தார். "தம்பி வரமாட்டேன் சொல்றான், மிஸ்" என்றார். நல்ல மனிதர். கொண்டுபோன சவுக்காரத்தையும் பனியனையும் வாங்கிக்கொண்டார். உன் கைக்கு வந்ததா?

நான் செய்ததை நானே ஒரு தரம் எழுதிவிடுகிறேன். வேறு யாரும் உனக்கு வேறு மாதிரிச் சொல்லக்கூடாது.

ஆகஸ்ட் பதினேழாந் தேதி, சனிக்கிழமை. கண்டியில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் தோட்டத்து லொறியோடு நீ திரும்பி வந்தாய். கல்லுடைப்பு வளைவில் நம் தோட்டத்துக் கறுப்பையாவை லொறியால் அடித்துவிட்டு நிற்காமல் வந்தாய். குடித்திருந்தாய், பயந்திருந்தாய். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாய். போலீசுக்குப் போ என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். திங்கட்கிழமை போகிறேன் என்றாய். மறுநாள் கோயிலுக்கு வந்து, என் பக்கத்தில் முழங்காலில் நின்று, திருவிருந்தும் எடுத்தாய். திங்கட்கிழமை நீ போகவில்லை. இன்ஸ்பெக்டர்தான் வந்தார். கேட்டார், சொன்னேன்.

கோர்ட்டில் அரசாங்கத்து வக்கீல் கடைசியாக, உங்கள் தம்பி வேறு ஏதும் சொன்னாரா என்று என்னைக் கேட்டார். "கண்ணாடியில பாத்தேன் அக்கா, அந்த ஆளு அசைஞ்சான்" என்று நீ சொன்னதைச் சொன்னேன். நிறுத்தியிருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும் என்று நீதிபதி எழுதி ஐந்து வருஷம் போட்டார்.

வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன், தம்பி. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டவள் நான். உனக்குக் கெடுதி நினைத்துச் செய்யவில்லை.

அக்கா
நவமணி

*

கண்டி
4.6.1969

அக்காவுக்கு,

மாதம் ஒரு கடிதம் எழுத விடுவார்கள். நான்கு மாதமாக எழுதவில்லை. தமிழ்க் கடிதத்தை வாசித்துப் பார்த்து அனுப்ப இங்கே ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார், அதனால் இதுவும் சுணங்கித்தான் வரும்.

சவுக்காரம் கிடைத்தது.

போலீசில் நீங்கள் சொன்னதை நான் பொறுத்துக்கொள்வேன். அந்த மனிதர் செத்துப்போனார், லொறியை நான்தான் ஓட்டினேன். அதற்குச் சிறை வேண்டும் என்றால் வேண்டும்தான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நான் யாருக்குச் சொன்னேன்? எனக்கு அம்மா இல்லை. போதகரிடம் தனியாகப் போய்ச் சொல்கிற வழக்கமும் நம்முடைய சபையில் இல்லை. உங்களிடம் சொன்னேன். குசினி வாசலில், அடுப்புப் பக்கமாக உட்கார்ந்துகொண்டு, உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதை எடுத்துக்கொண்டுபோய் ஊர் முன்னால் வைத்தீர்கள். ஞாபகமில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் சொல்கிறார்கள்.

நீங்கள் கர்த்தருக்குப் பயந்தீர்கள், அது எனக்குத் தெரியும். என்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டிருந்தால் கர்த்தர் கோபித்திருப்பாரா என்றுதான் இங்கே படுத்துக்கொண்டு யோசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிற்கவேண்டாம். காவலர் வந்து உங்கள் பெயரைச் சொல்லும்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

ஞானசீலன்

*

பிலிமத்தலாவை
28.12.1969

தம்பி சீலன்,

நீ வேண்டாம் என்றதால் வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் சிறைச்சாலை மதிலோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். உள்ளே எந்தப் பக்கத்தில் உன்னை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

சொல்ல வெட்கமான ஒரு காரியம் இருக்கிறது. தீர்ப்பு வந்த அடுத்த ஞாயிறே போதகர் பிரசங்கத்தில் என்னைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சொந்த இரத்தத்தைவிடச் சத்தியத்தைப் பெரிதாக எண்ணிய சகோதரி என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது என் நெஞ்சில் ஒரு சந்தோஷம் வந்தது, தம்பி. ஒரு நிமிஷந்தான் இருந்திருக்கும். உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஐந்து நாள்கூட ஆகவில்லை. அந்தச் சந்தோஷத்துக்காக நான் இன்னமும் ஜெபத்தில் அழுகிறேன்.

நவம்பரில் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. ஆஸ்பத்திரிக்கும் அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்கும் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறோமே, இந்த வருஷம் சிறைச்சாலையிலும் அனுமதி கேட்போமா என்றேன். சங்கத் தலைவி இரத்தினம்மா அக்காதான் சொன்னார். "ஆஸ்பத்திரியில கெடக்கிறவங்கள ஆண்டவர் சோதிச்சிருக்கார், டீச்சர். ஜெயில்ல கெடக்கிறவங்க அவங்களாப் போனவங்க."

போதகரும் அந்தப் பக்கம்தான். சட்டம் கொடுத்த தண்டனையை அமைதியாக அனுபவித்து மனந்திரும்பட்டும், நாம் போய்ப் பாடினால் பாவத்தை லேசாக எண்ணியது போலாகும் என்றார். நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் நம்மைக் கேட்கப்போகும் கேள்விகளில் சிறையில் இருந்தவனைப் பார்க்கப் போனாயா என்பதும் ஒன்றல்லவா என்று கேட்டேன். அது விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்களைப் பற்றியது என்றார். அப்படியா என்று வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்து வாசித்தேன். அங்கே அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான் உள்ளே அனுப்பிவைத்தவனைப் பார்க்க நானே போகாமல், மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கறுப்பையாவின் மனைவி வீரம்மா இப்போதும் பத்தாம் நம்பர் மலையில்தான் கொழுந்து எடுக்கிறாள். மூத்த பிள்ளை என் வகுப்பில் படிக்கிறது. இளையது அப்பன் செத்தபின் பிறந்தது. மாதம் ஒரு தரம், தோட்டத்து வீட்டு வரிசையில் அவர்கள் இருக்கும் லயத்துக்குப் போகிறேன். உட்காரச் சொல்வாள், பேசமாட்டாள். நானும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவேன்.

நீ வரச்சொல்லும் நாளில் வருவேன்.

அக்கா

*

கண்டி
13.9.1970

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம், எனக்குத் தெரியப்போவதில்லை. அதையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களால் ஒன்றையும் விடமுடியாது என்று இப்போது விளங்குகிறது. கோர்ட்டில் நீங்கள் அப்படி நடந்தது என்னிடம் மட்டும் அல்ல, உங்களிடமும் அப்படித்தான்.

தச்சு வேலைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உட்காருகிற வாங்கு செய்கிறோம். பக்கத்தில் வேலை செய்கிறவர் முனாப் என்று ஒருவர், முப்பத்துமூன்று வயது. அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்தவர். மச்சானோடு வந்த சண்டையில் கத்தியை எடுத்துவிட்டார், மச்சான் மௌத்தாகிவிட்டார். பன்னிரண்டு வருஷம். செத்தவர் மனைவியின் கூடப்பிறந்தவர் என்பதால் மனைவி பக்கத்திலிருந்து யாரும் வருவதில்லை. உம்மாவும் போய்விட்டாவாம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

ஒரு நாள் அவர் என்னிடம், துஆ கேட்கும்போது அந்த மனிதரின் பெயரைச் சொல்வீர்களா என்று கேட்டார். இரண்டு வருஷமாக நான் ஜெபம் செய்கிறேன், அக்கா. எனக்காகச் செய்திருக்கிறேன், உங்கள்மேல் கோபப்பட்டும் செய்திருக்கிறேன். கறுப்பையா என்ற பெயர் என் வாயில் ஒரு நாளும் வரவில்லை. தங்கள் மார்க்கத்தில் மன்னிக்கிற உரிமை செத்தவருடைய குடும்பத்துக்கு இருக்கிறது, அவர்களிடம் கேட்காமல் தான் தொழுது என்ன என்று முனாப் சொன்னார். அவர் மச்சான் வீட்டுக்கு எழுதிய மூன்று கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்திருக்கின்றன.

இனி எழுதப்போவதை வாசிக்கிற அதிகாரியும் வாசிக்கட்டும்.

அந்த மனிதர் அசையவில்லை. கையைத் தூக்கினார். லொறியை நிறுத்தச் சொல்லித் தூக்கினார். நான் கண்ணாடியில் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கியரை மாற்றினேன். உங்களிடம் அசைஞ்சான் என்று மட்டும்தான் சொன்னேன். கோர்ட்டில் நீங்கள் சொன்னதே பாதிதான் அக்கா. அந்தப் பாதிக்கு ஐந்து வருஷமா என்று உங்கள்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீரம்மாவுக்கு ஒரு கடிதம் இதோடு வைக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் போய் வாசித்துக் காட்டவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.

சீலன்

*

பிலிமத்தலாவை
17.1.1971

என் தம்பிக்கு,

பார்க்க வரும்போது கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். வீரம்மாவுக்கு நீ எழுதிய கடிதத்தை மூன்று மாதம் வைத்திருந்தேன். நீயும் என்னவாயிற்று என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. போன சனிக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன்.

வீரம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என் தம்பி உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான், வாசிக்கட்டுமா என்றேன். ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சரி என்று தலையாட்டினாள். முதல் இரண்டு வரி வாசித்தேன். மன்னிப்பு என்ற சொல் வந்ததும், போதும் டீச்சர் என்றாள்.

அதன் பிறகு அவள் பேசினாள். இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள். அதில் ஒன்றை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒங்க சாமி அவர மன்னிச்சிருச்சுன்னு ஒங்க கோயில்ல சொன்னாங்களாம். கோர்ட்டுல அஞ்சு வருசம்னு சொன்னாங்களாம். சாமியும் முடிச்சிருச்சு, கவுருமெண்டும் முடிச்சிருச்சு. என்னைய யாரும் கேக்கலையே, டீச்சர்."

உண்மைதான் தம்பி. நான் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னேன், வக்கீலுக்குச் சொன்னேன், ஆண்டவருக்குச் சொன்னேன். அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் அவள் வீட்டுக்கு நான் போகவில்லை. அவள் புருஷனை அடித்தது யார் என்று இரண்டு நாளாக எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. சத்தியத்துக்காக நின்றவள் என்று என்னைச் சொல்கிறார்கள்.

கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் வெளியே வந்து நேரில் சொல்லட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்றாள். கேட்டபின் மன்னிப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ரொட்டி ஒன்று கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அக்கா

*

கண்டி
9.2.1971

அக்கா,

சொல்கிறேன் என்று வீரம்மாவிடம் சொல்லுங்கள். நன்னடத்தைக் கழிவு போக இன்னும் பதினைந்து மாதம். இதுவரை நாளை எண்ணினேன், வீட்டுக்கு வருவதற்காக. இப்போது எண்ணப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அந்த நாள் வரட்டும்.

முனாப்புக்கு வீரம்மா சொன்னதைச் சொன்னேன். வாங்குப் பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது தம்பி என்றார்.

சீலன்

*

பிலிமத்தலாவை
20.6.1971

தம்பி,

சிங்கள வாலிபர்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கிளம்பிய ஏப்ரல் மாதத்துச் சேகுவேராக் கலவரத்துக்குப் பிறகு சிறைக்குள் பார்க்க விடுவதில்லை. இந்தக் கடிதமாவது உன்னிடம் வருமோ தெரியவில்லை.

வீரம்மா போய்விட்டாள்.

அவள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகிற பாஸ்போர்ட் மார்ச்சில் வந்தது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தின்படி, கறுப்பையா உயிரோடு இருந்த காலத்தில் எழுதிப்போட்டதாம். ஜூன் பதினோராந் தேதி கப்பல் என்று கடதாசி வந்தது. போகாவிட்டால் விசா முடிந்துவிடும், தோட்டத்துப் பேர்ப்பதிவும் போய்விடும். அவள் வேறு என்ன செய்வாள்?

மே மாதக் கடைசியில் அவளாகவே என் வீட்டுக்கு வந்தாள். அவர் வெளியே வரும்வரைக்கும் நான் இருக்கமாட்டேன், ஜெயிலுக்கே போய்க் கேட்டுவிடுகிறேன் என்றாள். சின்னப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கண்டிக்கு வந்தோம். வாசலில் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள் நின்றார்கள். விடமுடியாது என்றார்கள். நான் சிங்களத்தில் கெஞ்சினேன். இந்தப் பெண் நாட்டைவிட்டுப் போகிறாள், பத்து நிமிஷம் போதும் என்றேன். உள்ளே இருப்பவன் இவளுக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆமிக்காரன் கேட்டான். இவள் புருஷனைக் கொன்றவன் என்றேன். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போங்கள் என்றான். அடுத்த வாரமும் வந்தோம். அன்றைக்கும் அப்படித்தான்.

பேராதனைச் சந்தியில் ரயில் ஏற்றிவிட நானும் போனேன். தலைமன்னாருக்குப் போகிற கூட்டம், ஸ்டேஷன் முழுக்கத் தகரப்பெட்டியும் அழுகையுமாக இருந்தது. வீரம்மா அழவில்லை. தம்பிக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று ஜன்னலில் நின்று கேட்டேன். 

"அன்னிக்கு அவருக்குச் சோறாக்கி மூடி வச்சிருந்தேன்" என்றாள். "காலையில ஆள் வந்து சொல்றவரைக்கும் தொறக்கல. அதச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ரயில் போய்விட்டது.

அக்கா

*

கண்டி
22.8.1971

அக்கா,

கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

அன்று உள்ளே நான் இருந்த இடத்துக்கும் வாசலுக்கும் முந்நூறு அடிகூட இருக்காது. தச்சுப் பட்டறையில் பலகை அறுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

இனி மன்னிப்பு என்று யாரும் என்னிடம் பேசவேண்டாம். இந்த மாதம் ஒரு சிங்களப் பாதிரியார் வந்து எங்களுக்குப் பிரசங்கம் செய்தார். நல்லவர், முகத்தில் இரக்கம் இருந்தது. சிலுவையில் எல்லாம் தீர்ந்தது என்றார். எனக்குச் சோற்றுப் பானைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அவள் எங்கே போய்ச் சேர்ந்தாள் என்று லயத்தில் விசாரித்து வையுங்கள்.

சீலன்

*

கூடலூர், நீலகிரி
11.11.1973

அன்புள்ள அக்காவுக்கு,

கப்பலில் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் ஆறு வாரம் வைத்திருந்தார்கள். பிறகு இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை போட்டுக்கொடுத்தார்கள். கூடலூர் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். குளிர் நம்முடைய தோட்டத்தைவிட அதிகம்.

ரயிலடியில் நீங்கள் என்னோடு பேசாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. வீட்டில் நாம் கடைசியாகச் சண்டை போட்டபோது, பிணையில் இருந்த மாதம் உங்களுக்குத் தெரியாமல் நான் இந்தியாவுக்குப் போக எழுதிப்போட்டதைத் துரோகம் என்றீர்கள். ஆமாம், அப்போது ஊர் முகத்தில் விழிக்கப் பயந்துதான் போட்டேன். வேண்டாம் என்று எழுதிக்கொடு, நீ தண்டனையை அனுபவித்துவிட்டாய், ஆண்டவர் உன்னை மன்னித்துவிட்டார், இன்னும் ஏன் போகிறாய் என்று கேட்டீர்கள். நீங்கள்தானா இப்படிக் கேட்கிறீர்கள் என்று நான் கத்தினேன். அந்தக் கத்தலுக்காக வருந்துகிறேன், போனதற்காக அல்ல. சிறைச்சாலை வாசலில் வந்து நின்றது நீங்கள். விடுதலையாகி வந்தபின் ஒன்றரை வருஷம் சோறு போட்டதும் நீங்கள். உங்களைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

வீரம்மாவைப் பார்த்துவிட்டேன்.

அவள் இருக்கும் பிரிவு இங்கிருந்து நான்கு மைல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு பெரிய பிள்ளையைக் கூப்பிட்டுத் தங்கச்சியை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போகச் சொன்னாள்.

நின்றபடியே சொன்னேன். குடித்திருந்தேன் என்றேன். அவர் கையைத் தூக்கினார், நான் பார்த்தேன், பார்த்தும் ஓட்டிக்கொண்டு போனேன் என்றேன். மன்னித்துவிடு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. வரவில்லை. அவள் கோடாலியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவருக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏதாச்சும் கத்துனாரா?"

"எஞ்சின் சத்தத்துல கேக்கல."

அவள் விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். அழுதாள் அக்கா. ஐந்து வருஷத்துக்குப் பிறகு நான் வந்து அவரை மறுபடியும் ஒரு தரம் கொன்றது போல இருந்தது. எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அந்த ஒன்றை மட்டும் செய்யக்கூடாது என்று நின்றேன்.

வெயில் சாய்ந்தபிறகு எழுந்தாள். "சொல்லிட்டீங்க, சரி" என்றாள். "இனி இந்தப் பக்கம் வராதீங்க."

வந்துவிட்டேன். அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இலங்கைக்குத் திரும்ப வழி இல்லை என்று முகாமிலேயே சொல்லிவிட்டார்கள். அது தெரிந்துதான் வந்தேன்.

உங்கள் தம்பி
சீலன்

*

பிலிமத்தலாவை
6.1.1974

என் அன்புத் தம்பி சீலனுக்கு,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தது. அன்று ஆராதனைக்கு நான் போகவில்லை.

ரயிலடியில் நான் பேசாமல் நின்றது கோபத்தால் அல்ல. வாயைத் திறந்தால் போகாதே என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். உன்னை ஒரு தரம் சத்தியத்துக்காகக் கொடுத்தேன், அப்போது பெருமையாக இருந்தது. இரண்டாந்தரம் நீயாக எழுந்து போனாய். அப்போதுதான் அதற்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரிந்தது.

உனக்கு வர வழியில்லை. எனக்குப் பிரஜாவுரிமை இங்கே கிடைத்துவிட்டது, அங்கே வந்து இருக்க வழியில்லை. இனி இந்தக் கடிதங்கள்தான்.

வீரம்மா மன்னிக்கவில்லையே என்று நான் ஜெபத்தில் முறையிடப் போனேன். முறையிட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அது அவளுடையது. கொடுப்பதும் கொடுக்காததும் அவள் பாடு. அதை அவளிடமிருந்து வாங்கித்தரும்படி ஆண்டவரைக் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்றைக்குக் காலையில் கோயிலில் பாதியில் எழுந்து வந்தேன். இரத்தினம்மா அக்கா, சுகமில்லையா டீச்சர் என்று கையைப் பிடித்தார். சிறைச்சாலைக்குப் போகிறேன் என்றேன். தம்பிதான் இந்தியாவுக்குப் போய்விட்டானே என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வாசலில் அந்தப் பழைய காவலர்தான் இருந்தார். நரைத்துவிட்டார். என்னைக் கண்டதும் சிரித்தார், பிறகு யோசித்தார். "இப்ப உள்ள யாரு, மிஸ்?" என்றார். முனாப், அக்குறணை என்றேன். புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார். உறவுக்காரரை மட்டுந்தான் விடுவார்கள். என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி கிடக்கிறது. அவர் அதையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"என்ன உறவு?"

"தம்பி" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

முனாப் வந்து கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றார். வேறு யாருக்கோ வந்தவள் என்று நினைத்துத் திரும்பப் போனார். சீலனுடைய அக்கா என்று சொன்னேன். ஐந்து வருஷத்தில் தன்னைப் பார்க்க வந்த முதல் ஆள் என்றார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். வீரம்மா சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மணி அடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, ஒன்றும் ஞாபகம் வரவில்லை மிஸ், நீங்கள் வாருங்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போது, கோர்ட்டில் ஒரு சொல்லை விட முடியாத நான் இன்று காவலரிடம் சொன்னது பொய்தானே என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பிலிமத்தலாவையில் இறங்கும்வரை யோசித்தேன். பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை, தம்பி.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.

அக்கா
நவமணி